சேகரித்தவர் பெயர்

அவிநாசி,
11.11.2024

அன்புள்ள சாயிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் பாவாவும் சுகம். டேராடூன் குளிர் உனக்கும் ஸ்டீவுக்கும் குட்டி கெசியாவுக்கும் ஒத்துக்கொள்கிறதா? போன வாரம் கோயம்புத்தூரில் உன் தோழி யாஸ்மினைப் பார்த்தேன். அவள்தான் உன் விலாசம் கொடுத்தாள், குழந்தையின் படமும் காட்டினாள். மூக்கு அப்படியே நம் வீட்டு மூக்கு.

ஏழு வருஷம் கழித்து இவளுக்கு என்ன திடீர் தைரியம் என்று நினைப்பாய். நீ கல்யாணம் செய்துகொண்டு போன மறுநாள், உன்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று நைனா என்னையும், மாப்பிள்ளை என்றும் பார்க்காமல் பாவாவையும் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தார். பேசுவதைத்தான் சொன்னார், எழுதுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் புத்தி வர எனக்கு ஏழு வருஷம் பிடித்திருக்கிறது. போனில் எழுதி அனுப்பினால் அது பேசியதா எழுதியதா என்று குழப்பமாக இருக்கிறது. அதனால் போனே வேண்டாம், தபால் போதும்.

நீ பூச்சிக்குப் படித்தவள், அதனால் ஒரு சந்தேகம். தட்டைப்பயற்றில் அசுவினிப் பூச்சி கறுகறுவென்று அப்பிக் கிடக்கிறது. அதற்கு நடுவே பச்சையாக, கால் இல்லாமல், அட்டை மாதிரி ஒரு புழு. எது தலை எது வால் என்றே தெரியவில்லை. நைனா பார்த்துவிட்டு, "இதை இப்படியே உட்டா பயிரு மிஞ்சாது. மருந்தடிச்சுப்போட்டுத்தான் மறுவேலை" என்கிறார். பாவா மருந்தும் வாங்கி வைத்துவிட்டார். எனக்கென்னவோ மனசு ஒப்பவில்லை. அடிக்கலாமா கூடாதா?

விலாசத்தில் என் பெயர் போட்டே எழுது. தபால் வரும் நேரத்தில் நான்தான் வாசலில் இருப்பேன்.

உன் அக்கா,
வரலட்சுமி

*

டேராடூன்,
19.11.2024

அன்பு அக்காவுக்கு,

இங்கே மூவரும் நலம். உங்கள் கடிதத்தை நின்றபடியே மூன்று தடவை படித்தேன், பிறகு உட்கார்ந்து அழுதேன். ஊரில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று ஸ்டீவ் பயந்துபோனார். அட்டை மாதிரி புழுவாம் என்று சொன்னதும் சிரித்துவிட்டார்.

மருந்து வேண்டவே வேண்டாம். அந்தப் புழு பயிரைக் கடிக்கவில்லை, அசுவினியைத்தான் தின்கிறது. ஒரு புழு கூடு கட்டுவதற்குள் முந்நூறு நானூறு அசுவினியைக் காலி செய்துவிடும். மருந்தடித்தால் முதலில் சாவது அதுதான். இரண்டு வாரம் பொறுங்கள்.

அது ஒரு ஈயின் புழு. வேளாண்மைத் துறைக்காரர்கள் சிர்பிட் ஈ என்பார்கள். வளர்ந்ததும் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்டுத் தேனீ வேஷம் கட்டிக்கொள்ளும். கொட்டத் தெரியாது. பறவைகளை ஏமாற்றத்தான் அந்த வேஷம். புழுவாக இருக்கும்போது அசுவினியைத் தின்னும், ஈயானபின் பூவுக்குப் பூ மகரந்தம் சுமக்கும். உலகத்தில் ஆறாயிரம் வகைக்கு மேல் இருக்கிறது. நம் பக்கத்துக் காட்டில் எத்தனை என்று யாரும் உட்கார்ந்து எண்ணியதில்லை. எனக்கு எண்ண ஆசை. பிடித்து அனுப்புவீர்களா?

டப்பாவில் பிடித்து ஃப்ரீசரில் ஒரு நாள் வையுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் முக்கோணமாக மடித்த காகிதத்தில் போட்டு, மேலே நான்கு விஷயம் எழுதவேண்டும்: இடம், தேதியும் நேரமும், எந்தச் செடி, சேகரித்தவர் பெயர். பிடித்தவர் யாரோ அவர் பெயர்தான் இருக்கவேண்டும். சீட்டு இல்லாத ஈ எங்களுக்கு வெறும் குப்பை.

நைனா எப்படி இருக்கிறார்? அக்கா, ஒரே ஒரு முறை வந்துவிட்டுப் போக ஆசை. அவர் என்னோடு பேசவேண்டாம். கெசியாவை அவர் ஒரு தடவை பார்த்தால் போதும். வரலாமா என்று எழுதுங்கள்.

அன்புத் தங்கை,
சாய்ப்ரியா

*

அவிநாசி,
2.12.2024

அன்புள்ள சாயிக்கு,

நாங்கள் சௌக்கியம். குழந்தைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். மார்கழி வந்தால் அங்கே இன்னும் குளிருமே.

மருந்து அடிக்கவில்லை. காலேஜ்காரர் ஒருவர் சொன்னார் என்று ஒரு பொய்யை எடுத்து விட்டேன். பாவா மருந்தைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். நீ சொன்ன இரண்டு வாரம் முடியும் முன்பே பார்த்தால் கொடியில் அசுவினியைக் காணோம். இது என்ன மாயம் என்று எனக்கு விளங்கவில்லை, பயறு மிஞ்சியது.

பிஸ்கட் டப்பாவில் பதினேழு ஈ அனுப்பியிருக்கிறேன். எல்லாம் என் கையாலேயே முந்தானையைப் போட்டுப் பிடித்தது. சிலது கொஞ்சம் நசுங்கியிருக்கும், கோபிக்காதே. ஃப்ரீசரில் பச்சைப் பட்டாணிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். பாவா பட்டாணி எடுக்கப் போய்க் கத்திய கத்தில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆள் வந்துவிட்டார்.

இதில் எது தேனீ எது உன் ஈ என்று எனக்குப் புரியவில்லை. எல்லாம் மஞ்சளாகத்தான் இருக்கிறது. நீயே பிரித்துக்கொள்.

அன்புடன் அக்கா,
வரலட்சுமி

*

டேராடூன்,
12.12.2024

அன்பு அக்காவுக்கு,

சளி இல்லை, சேட்டைதான் தாங்கவில்லை. நீங்களும் பாவாவும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டப்பா வந்தது. பதினேழில் ஏழு சாதாரண வீட்டு ஈ. ஐந்து தேனீ. இரண்டு குளவி. ஒன்று பூச்சியே இல்லை, காய்ந்த கொத்தமல்லித் துண்டு. மீதி இரண்டு நிஜமாகவே சிர்பிட், ஆனால் இரண்டுக்கும் றெக்கை இல்லை. பாவம், அக்கா முந்தானையில் மாட்டினால் யாருக்குத்தான் றெக்கை மிஞ்சும்?

தேனீக்கு நான்கு றெக்கை. இதற்கு இரண்டுதான். தேனீயின் மீசை நீளம், இதற்குக் குட்டை. முக்கியமாக இது காற்றில் ஒரே இடத்தில் ஆணி அடித்த மாதிரி நிற்கும். றெக்கையை லென்ஸில் பார்த்தால் நடுவே நரம்பு மாதிரி ஒரு கோடு இருக்கும். அது எதிலும் போய்ச் சேராது, பொய் நரம்பு என்போம். அதுதான் இந்தக் குடும்பத்தின் அடையாளம். தலை உச்சியில் இரண்டு கண்ணும் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் ஆண், இடைவெளி இருந்தால் பெண். ஒரு லென்ஸும் கைவலையும் இத்துடன் அனுப்புகிறேன்.

போன கடிதத்தில் நைனாவைப் பற்றிக் கேட்டேன். வரலாமா என்றும் கேட்டேன். ஈயைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய நீங்கள் அவரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. மறந்துவிட்டீர்களா, மறைக்கிறீர்களா?

தங்கை,
சாய்ப்ரியா

*

அவிநாசி,
6.1.2025

அன்புள்ள சாயி கண்ணுக்கு,

புது வருஷம் உங்கள் மூவருக்கும் நல்லபடியாக இருக்கட்டும். எனக்கு முட்டிவலி, வேறொன்றும் இல்லை.

லென்ஸும் வலையும் வந்து சேர்ந்தன. இந்தத் தடவை நாற்பத்து மூன்று பொட்டலம் இருக்கிறது. சீட்டும் எழுதியிருக்கிறேன். கையெழுத்து என்னுடையதுதான், பார்த்தாலே தெரியும்.

பாவாவின் தங்கை மகளுக்குக் கல்யாணம் வருகிறது. சீருக்குப் பெட்ஷீட் எடுக்க நானும் பாவாவும் சென்னிமலை போய் போன மாதம் 27 முதல் 29 வரை அங்கேயே தங்கிவிட்டோம். மலைப்படி ஏறி முருகனைப் பார்த்தேன். அதில் வந்ததுதான் இந்த முட்டிவலி. உங்களுக்கும் இரண்டு பெட்ஷீட் எடுத்து வைத்திருக்கிறேன்.

வருவதைப் பற்றிக் கேட்டாய். இப்போது வேண்டாம் கண்ணு. காரணம் கேட்காதே.

தேனீக்கு எத்தனை றெக்கை என்று சொன்னாய்? இரண்டா நான்கா?

அக்கா,
வரலட்சுமி

*

டேராடூன்,
20.1.2025

அன்பு அக்காவுக்கு,

முட்டிக்கு ஒத்தடம் கொடுங்கள், படி ஏறாதீர்கள். இங்கே நலத்துக்குக் குறைவில்லை. எனக்குத்தான் தலை சுற்றுகிறது.

நாற்பத்து மூன்றும் சிர்பிட்! ஒரு தேனீ இல்லை, ஒரு றெக்கை உடையவில்லை. பதினோரு வகை இருக்கிறது. அசுவினி தின்னும் பட்டை ஈ இருக்கிறது. கண் முழுக்கப் புள்ளி வைத்த பெரிய ஈ, சாணிக்குழியில் பிறப்பது, அதன் புழுவோடு வந்திருக்கிறது. எலி மாதிரி நீள வால், அந்த வாலைத் தண்ணீருக்கு மேல் நீட்டித்தான் மூச்சு விடும். எறும்புப் புற்றுக்குள் வளர்கிற ஈ கூட ஒன்று! இவற்றை மூன்று பெரும் பிரிவாக வைப்போம். நான்கு என்பவர்களும் உண்டு, அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. ஒரே தோட்டத்தில் இத்தனையா என்று என் கூட வேலை செய்பவர்கள் நம்பவில்லை.

ஒரு சீட்டில் இப்படி இருக்கிறது: "காலை 6.50. சாணிக்குழி மேல் அந்தரத்தில் நின்றது. ஆண். கண் ஒட்டியிருக்கிறது. இன்னொன்று வந்தால் துரத்துகிறது." இதை எழுதியவர்தான் தேனீக்கு எத்தனை றெக்கை என்று அதே தபாலில் என்னைக் கேட்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை அக்கா. பதினான்கு சீட்டில் தேதி டிசம்பர் 28. அன்றைக்கு நீங்கள் சென்னிமலையில் படி ஏறிக்கொண்டிருந்தீர்கள். அப்படியானால் தோட்டத்தில் வலை வீசியது யார்?

இன்னொன்று. நாலு மில்லிமீட்டர் கூட இல்லாத ஒரு கறுப்பு ஈ. பாரகஸ் என்ற இனம், அதுவரைக்கும் தெரிகிறது. அதற்கு மேல் எந்த அட்டவணையிலும் அடங்க மாட்டேன் என்கிறது. அதே இடத்தில் இன்னும் கிடைத்தால் அனுப்புங்கள்.

வரவேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் எப்படி இருப்பேன்? நைனாவுக்கு உடம்புக்கு ஏதாவதா? எனக்கு இங்கே தூக்கம் வரவில்லை.

சாய்ப்ரியா

*

அவிநாசி,
25.2.2025

அன்புள்ள சாயிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. நான்கு தாள் எழுதிக் கிழித்துப் போட்டேன். நைனாவின் உடம்பு நன்றாக இருக்கிறது, வயசுக்கு மீறியே நன்றாக இருக்கிறது. நீ பயப்படாதே.

ஈ பிடிப்பது தோட்டத்தில் ஒருத்தர். அவருக்குப் பெயர் போட்டால் பிடிக்காது. என் பெயரே இருக்கட்டும். இதில் என்ன வந்துவிடப் போகிறது?

விதைக்கு விட்ட சின்ன வெங்காயம் பூத்து முடிந்தது. இந்த வருஷம் தேனீ ஏனோ வரவில்லை. போச்சு என்று பாவா தலையில் கை வைத்தார். ஆனால் பூவெல்லாம் உன் ஈதான். விதை நன்றாகப் பிடித்திருக்கிறது.

அந்தக் குட்டிக் கறுப்பு ஈ இருபத்தொன்று கிடைத்தது. அதே இடத்தில்தான். ஆண் ஒரு பொட்டலம், பெண் ஒரு பொட்டலம் என்று தனித்தனியே வைத்திருக்கிறது. மற்ற வகையும் சேர்த்து இந்த டப்பாவில் மொத்தம் நூற்றைம்பத்து மூன்று ஈ. கெசியாவுக்கு ஒரு பாவாடைத் துணியும் வைத்திருக்கிறேன்.

அக்கா,
வரலட்சுமி

*

டேராடூன்,
10.4.2025

அன்பு அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்தப் பாவாடையைக் கெசியா கழற்ற மாட்டேன் என்கிறாள்.

உட்காருங்கள், ஒரு சேதி. அந்தக் கறுப்பு ஈ புதுசு. உலகத்தில் இதுவரை யாரும் பெயர் வைக்காதது. பழைய சேகரிப்புகளோடு ஒப்பிட்டு, ஆணின் உறுப்பை வெட்டிப் பார்த்து, மூன்று பேரிடம் கேட்டு உறுதி செய்துவிட்டேன். நம் தோட்டத்து ஈ அக்கா! தட்டைப்பயறும் வெங்காயமும் போட்ட காட்டில்!

கண்டுபிடித்து எழுதுகிறவர் பெயர் வைக்கலாம். உங்கள் பெயரைத்தான் வைக்கப் போகிறேன். சேகரித்தவர் வரலட்சுமி என்றுதான் எல்லாச் சீட்டிலும் இருக்கிறது. இதில் ஒரு கண்டிப்பு உண்டு. ஒரு தடவை முறைப்படி அச்சாகிவிட்டால் அந்தப் பெயரை மாற்ற முடியாது. தெரியாமல் வைத்தேன், தவறாக வைத்தேன், இப்போது பிடிக்கவில்லை என்று யார் வந்து சொன்னாலும் நடக்காது. நாம் போன பிறகும் அப்படியே நிற்கும்.

அதனால்தான் கேட்கிறேன். தோட்டத்தில் ஒருத்தர் என்றீர்களே, அவர் யார்? ஈயை நான் வருஷக்கணக்காகப் பார்க்கிறேன், ஆண் பெண் பிரித்து அனுப்புகிற ஆளை எங்கள் ஆய்வுக்கூடத்திலேயே தேடவேண்டும். ஒருவர் செய்த வேலைக்கு இன்னொருவர் பெயரைப் போட என்னால் முடியாது. ஜூலைக்குள் கட்டுரையை அனுப்பவேண்டும். சரியான இடமும் வேண்டும், எந்த வரப்பு, எந்தச் செடி என்று.

மழுப்பாமல் எழுதுங்கள்.

தங்கை,
சாய்ப்ரியா

*

அவிநாசி,
2.5.2025

சாயி கண்ணுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை, நீ நன்றாக இரு. என் பெயரை வைத்துவிடாதே. கும்பிட்டுக் கேட்கிறேன்.

பிடித்தது நைனா.

முதல் டப்பாவுக்கு அப்புறம் ஒரு ஈயைக்கூட நான் பிடிக்கவில்லை. மருந்து வேண்டாம் என்று காலேஜ்காரர் சொன்னதாகச் சொன்னேன் இல்லையா, அதை நம்பாமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தட்டைப்பயற்றுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார். புழு அசுவினியைத் தூக்கித் தூக்கிக் குடிப்பதைப் பார்த்திருக்கிறார். அன்று மத்தியானம் சாப்பிட வரவில்லை. உன் வலையும் லென்ஸும் வந்தபோது, "அம்மணி, அந்தக் காலேஜ்காரரு இன்னும் என்னென்ன கேட்டாரு?" என்றார். நீ எழுதியதை அப்படியே சொன்னேன். பொய் நரம்பு, கண், எல்லாம். விடிந்தால் தோட்டம், இருட்டினால் லென்ஸ். அவர் சொல்லச் சொல்லச் சீட்டு எழுதியது மட்டும்தான் நான். பெயர் கேட்டபோது, "உம்பட பேரையே போட்டுக்க" என்று எழுந்து போய்விட்டார்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லியிருந்தால் நீ ஆசைப்பட்டு மறுநாளே பெட்டி கட்டுவாய். உனக்குத்தான் போகிறது என்று அவருக்குத் தெரிந்து, வலையை ஒடித்துப் போட்டால் என்ன செய்வது? இருக்கிற இந்த ஒரு நூலும் அறுந்துவிடும் என்று பயந்தேன். அதனால் அங்கேயும் பொய், இங்கேயும் பொய்.

அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது. தெரியாது என்றுதான் இருந்தேன். ஆனால் பிப்ரவரியில், "டப்பாவுல பஞ்சு நெறைய வையி, தூரமாப் போறது" என்றார். கோயம்புத்தூர் காலேஜ் எங்கே தூரம்? சரி, தெரிந்துவிட்டது என்று உன் பெயரை மெல்ல எடுத்தேன். அதுவரை இதையெல்லாம் தெலுங்கில் சொன்னவர் தமிழுக்கு மாறி, "ஆரைப் பத்திப் பேசறே?" என்றார். கோபம் வந்தால்தான் நம் வீட்டில் தமிழ் என்பது உனக்குத் தெரியாததா?

என் மேல் கோபப்படு, தகும். இனி என்ன செய்ய என்று நீயே சொல்.

வரலட்சுமி

*

டேராடூன்,
14.5.2025

மதிப்பிற்குரிய நைனா அவர்களுக்கு,

சாய்ப்ரியா வணக்கத்துடன் எழுதுவது. தாங்கள் நலமாக இருக்கவேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். இதை அக்கா உங்கள் கையில் கொடுப்பாள். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

தாங்கள் பிடித்த ஈக்கள் என்னிடம்தான் வந்தன. காலேஜ்காரர் என்று யாரும் இல்லை. அக்காவைத் திட்டவேண்டாம், அவள் எனக்காகச் செய்தாள். பதின்மூன்று வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன், இவ்வளவு சுத்தமான சேகரிப்பை நான் பார்த்ததில்லை. இது மகள் சொல்வது அல்ல, வேலை தெரிந்தவள் சொல்வது.

கறுப்பு ஈ ஒன்றுக்கு உலகத்தில் பெயர் இல்லை. பிடித்தவர் நீங்கள் என்பதால் உங்கள் பெயரை வைக்க விரும்புகிறேன். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வழக்கப்படி ஈயின் பெயரை எழுதினால், அதை ஒட்டியே பெயர் வைத்தவரின் பெயரையும் எழுதுவார்கள். அழகிரிசாமி என்று வரும் இடத்தில் சாய்ப்ரியா என்றும் வரும். பிறகு யார் நினைத்தாலும் அதைப் பிரிக்க முடியாது. உங்களுக்குச் சம்மதம் இல்லாமல் அதைச் செய்ய மாட்டேன். ஒரு பெண் தன் இஷ்டத்துக்கு ஒரு காரியம் செய்ததே போதும் என்று நீங்கள் நினைக்கலாம்.

கல்யாணத்துக்கு நான் வருத்தப்படவில்லை நைனா. உங்களிடம் சொல்லாமல் போனதற்குத்தான் ஏழு வருஷமாக வருத்தப்படுகிறேன்.

ஈ கிடைத்த சரியான இடம் எது என்று தெரியவேண்டும். சம்மதமா இல்லையா என்று ஒரே ஒரு வார்த்தை எழுதினாலும் போதும்.

தங்கள் மகள்,
சாய்ப்ரியா

*

அவிநாசி,
9.6.2025

அன்புள்ள சாயிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ தினமும் தபால்காரரை எதிர்பார்ப்பாய் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உன் கடிதத்தைக் கொடுத்து இன்றோடு பதினெட்டு நாள். வாங்கினார், கண்ணாடி போட்டுப் படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். நான்காம் நாள் சட்டையைத் துவைக்க எடுத்தேன், பையில் கடிதம் இல்லை. கிழித்தாரா, வேறு சட்டைக்கு மாற்றினாரா என்று தெரியவில்லை. அதற்கு அப்புறம் வலையைத் தொடவே இல்லை. நேற்று வீட்டில் சுண்ணாம்பு அடிக்க ஆள் வரச் சொல்லியிருக்கிறார். பொங்கலும் இல்லை, விசேஷமும் இல்லை. "எதுக்குங் மாமா இப்ப?" என்று பாவா கேட்டதற்கு, "செவுரு அழுக்கா இருக்குது, உங்க கண்ணுக்குத் தெரியலீங்களா?" என்றார். அதுவும் தமிழில்.

இது கோபமா, என்னது இது? நாற்பது வருஷமாக இந்த மனுஷனோடு இருக்கிறேன், எனக்குப் பிடிபடவில்லை கண்ணு.

அக்கா,
வரலட்சுமி

*

அவிநாசி,
29.6.2025

சாய்ப்ரியாவுக்கு,

ரா. அழகிரிசாமி எழுதுவது. இவ்விடம் அனைவரும் சுகம். அவ்விடமும் அவ்வாறே இருக்கவேண்டும்.

உன் கடிதம் கிடைத்தது. நீ கேட்டவற்றுக்குப் பதில்.

நான் கொடுத்த ஈக்கள் மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றாறு. எல்லாவற்றிலும் சேகரித்தவர் என்று வரலட்சுமி பெயர் இருக்கிறது. அது தவறு, என்னால் வந்த தவறு. திருத்திக்கொள்ளவும். அவற்றில் மூன்று பக்கத்துக் காட்டுத் திருமூர்த்தியின் வரப்பில் பிடித்தது. நம் தோட்டம் என்று எழுதச் சொல்லிவிட்டேன். எண்கள் இத்துடன் தனித்தாளில்.

காலேஜ்காரர் இல்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டாவது டப்பாவைத் தபாலாபீசுக்குக் கொண்டுபோனது நான்தான். அக்காவுக்கு முட்டிவலி. எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று அவள் நினைப்பு. எடை போடும்போது விலாசத்தைப் படித்தேன். கல்யாணமான பெண் புருஷன் பெயரைத்தான் போட்டிருப்பாள் என்று இருந்தேன். ஏ. சாய்ப்ரியா என்று இருந்தது. முன்னால் என் பெயரின் முதல் எழுத்து அப்படியே நின்றது. நான் ஏழு வருஷமாக உன் பெயரைச் சொல்லவில்லை. நீ என் பெயரை எடுத்துப் போடவில்லை. டப்பாவைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று யோசித்தேன். பின்னால் வரிசையில் ஆள் நின்றதால் கொடுத்துவிட்டேன் என்றுதான் அன்று என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். எதற்குக் கோபம் என்று இப்போது யாராவது கேட்டால் சொல்லவும் தெரியவில்லை. சொல்லாமல் போனாய் என்றால், சொல்லியிருந்தால் விட்டிருப்பேனா என்று மனசு கேட்கிறது. விட்டிருக்க மாட்டேன். இதை நான் நிறைய நாள் யோசித்துக் குழம்பியதுதான் மிச்சம். எனக்கு உன்னைப் பார்க்கவேண்டும் போல் இருக்கிறது, அது மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

என் பெயர் வைப்பதில் ஆட்சேபம் இல்லை. உன் பெயரும் சேர்ந்தே வரும் என்றால் வைக்கலாம்.

இடம் பற்றி. மேற்கு வரப்பு, தாத்தாப்பூச்செடி என்று கட்டுரைக்கு எழுதிக்கொள். ஆனால் அது நிற்கும் இடம் எழுத்தில் வராது. ஐப்பசி மழை விட்ட பிறகு, காலையில் வெயில் வரப்பைத் தொடும் நேரம், ஒரு முழ அகலத்துக்குள் மட்டும் நிற்கும். பக்கத்தில் இருந்து கையைக் காட்டினால்தான் கண்ணில் படும். வரப்பில் பாம்பு உண்டு, குழந்தையை இறக்கிவிடக் கூடாது, யாராவது தூக்கிக்கொள்ளவேண்டும். அதனால் ஸ்டீவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் வரவும்.

இப்படிக்கு,
ரா. அழகிரிசாமி